சைக்கிள் கியருக்குள் வந்த பேட்டரி

பள்ளிபாளையத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். பட்டறை வாசல்களில் சைக்கிள்கள் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒரு செயின், பின்னால் ஒரே ஒரு ப்ரீவீல், கியர் கிடையாது. காவிரிக் கரையின் சமதரைக்கு அதுவே போதும். தறி உள்ளே ஓடுகிறது, சைக்கிள் வெளியே நிற்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், யாரும் சிரிப்பார்கள். ஆனால் சம்பந்தம் இருக்கிறது. தறிக்கு நேர்ந்த ஒரு மாற்றம் சில ஆண்டுகள் கழித்து பந்தய சைக்கிளுக்கும் நேர்ந்தது. அதன் பலனாக இன்று ஒரு சைக்கிள்காரர் விமானம் ஏறும்போது, "பேட்டரி இருக்கிறதா? எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சைக்கிளுக்குப் பேட்டரி எதற்கு, அதை விமானத்தில் எங்கே வைக்க வேண்டும், ஏன் அங்கே வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

லியோன் நகரத்துத் தொடர்பு

பிரான்சில் லியோன் என்று ஒரு நகரம். பட்டு நெசவுக்குப் பேர் போனது. 1804-ஆம் ஆண்டையொட்டி ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் அங்கே துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூ வேலைப்பாடு நெய்யும் முறையைக் கொண்டு வந்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் பாவு நூல் மேலே போகும், இல்லையென்றால் கீழேயே நிற்கும். அவர் பெயர்தான் நம் ஊர் நெசவாளர்கள் சொல்லும் 'ஜக்கார்டு பெட்டி'யில் இன்றும் வாழ்கிறது.

1983-இல் இங்கிலாந்தின் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டை அறிமுகப்படுத்தியது. அட்டை போய் மின்காந்தம் வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூலைத் தூக்கும் பலத்தை மின்காந்தம் கொடுப்பதில்லை. அந்தப் பலம் தறியின் ஓட்டத்திலிருந்தே வருகிறது. எந்த நூல் மேலே போக வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது மட்டும்தான் மின்காந்தத்தின் வேலை. உழைப்பது ஒன்று, உத்தரவிடுவது இன்னொன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு சைக்கிளுக்கு வருவோம்.

கியருக்கு வந்த எதிர்ப்பு

லியோனுக்குப் பக்கத்தில் உள்ள ஊர் செந்த் எத்தியேன். அந்த ஊர்க்காரராகப் பெயர் பெற்றவர் பால் தெ விவி (1853-1930). ஆரம்பத்தில் பட்டு வியாபாரம் செய்தவர். பிறகு சைக்கிள் பைத்தியம் பிடித்து வியாபாரத்தை விட்டார், சைக்கிளுக்காகவே பத்திரிகை நடத்தினார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். மலைப்பாதையில் ஏறுவதற்கு ஒரு பல்சக்கரம், சமதரையில் ஓடுவதற்கு வேறொரு பல்சக்கரம் வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்று இது சாதாரண விஷயம். அன்று பெரிய சண்டை! 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சுக்கு கியர் என்றாலே பிடிக்காது. வயதானவர்களுக்கு வேண்டுமானால் கியர் இருக்கட்டும், வீரன் தன் கால் பலத்தால்தான் ஜெயிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே பந்தய வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் பொருத்திக்கொண்டார்கள். மலையடிவாரம் வந்ததும் இறங்குவார்கள், சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள், மீண்டும் ஏறுவார்கள். டூர் டி பிரான்ஸில் டிரெய்லியருக்கு அனுமதி கிடைத்தது 1937-இல்தான். அந்த ஆண்டு வென்ற ரோஜர் லப்பேபி டிரெய்லியர் பொருத்திய சைக்கிளில்தான் வந்தார்.

டிரெய்லியர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் 'தடம்புரளச் செய்வது' என்று பொருள். பொருத்தமான பெயர்தான். ஓடிக்கொண்டிருக்கும் செயினை ஒரு பல்லிலிருந்து வேண்டுமென்றே தடம்புரள வைத்து, பக்கத்துப் பல்லில் ஏற்றி விடுவதுதான் அதன் வேலை. அதை இழுப்பதற்கு ஒரு நெம்புகோல், நெம்புகோலுக்கும் டிரெய்லியருக்கும் நடுவே ஒரு எஃகுக் கம்பி. அவ்வளவுதான்.

1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் தன் டியூரா ஏஸ் கியர்களில் 'க்ளிக்' முறையைக் கொண்டு வந்தது. அதுவரை வீரர் தன் கை உணர்வால்தான் கம்பியை எவ்வளவு இழுப்பது என்று தீர்மானித்தார். இனி ஒரு க்ளிக் என்றால் ஒரு பல். 1990-ஐ ஒட்டி அந்த நெம்புகோல் பிரேக் பிடியோடு சேர்ந்து ஹேண்டில்பாருக்கே வந்து விட்டது. கையை எடுக்காமலே கியர் மாற்றலாம்.

ஆனால் ஒரு குறை தீரவில்லை. கம்பி நீளும். உறைக்குள் தூசும் சேறும் புகும், துரு பிடிக்கும். பின்னால் பல்சக்கரங்கள் கூடக் கூட, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கம்பி ஒரு மயிரிழை தளர்ந்தாலும் செயின் கரகரவென்று சத்தம் போடும், தப்பான பல்லில் ஏறும். கடைக்குப் போய்த் திருகாணியை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு வர வேண்டும். கம்பியே இல்லாமல் செய்தால் என்ன என்ற யோசனை வந்தது இப்படித்தான்.

தறியின் தந்திரம் சைக்கிளில்

அந்த யோசனையைப் பந்தயப் பாதைக்குக் கொண்டு வந்தது மாவிக். 1889-இல் தொடங்கிய இந்த நிறுவனமும் அதே லியோன் நகரத்தில் பிறந்ததுதான்! 1992-இல் 'ஸாப்' என்ற மின்னணு கியரை மாவிக் அறிமுகப்படுத்தியது. ஹேண்டில்பாரில் பட்டன். அதிலிருந்து டிரெய்லியருக்கு மின்கம்பி.

அது வேலை செய்த விதம்தான் சுவாரஸ்யம். டிரெய்லியரை நகர்த்துவதற்குப் பெரிய மோட்டார் கிடையாது. செயின் ஓடும்போது டிரெய்லியரில் உள்ள சிறு சக்கரமும் சுற்றும் அல்லவா? அந்தச் சுழற்சியே டிரெய்லியரை உள்ளேயோ வெளியேயோ தள்ளியது. எந்தப் பக்கம் என்று பிடித்துக் காட்டுவது மட்டும் ஒரு சிறு மின்காந்தம். பலம் மிதிப்பவரின் காலிலிருந்து, உத்தரவு பேட்டரியிலிருந்து. மின்னணு ஜக்கார்டில் பார்த்த அதே தந்திரம். இதனால் மிகச் சிறிய பேட்டரியே போதுமானதாக இருந்தது.

கிறிஸ் போர்டுமன் போன்ற பெரிய வீரர்கள் ஸாப் பொருத்திய சைக்கிளில் ஓட்டினார்கள். ஆனால் மழை என்றால் அதற்கு ஆகவில்லை. இணைப்புகளில் தண்ணீர் புகுந்தால் கியர் அப்படியே நின்று விடும். 1999-இல் மாவிக் மீண்டும் முயன்றது. இந்த முறை 'மெக்ட்ரானிக்', மின்கம்பியும் இல்லாமல் ரேடியோ அலையிலேயே உத்தரவு போகும். அதற்கும் நம்பிக்கை கிடைக்கவில்லை, சில ஆண்டுகளில் கடையைக் கட்டினார்கள்.

மாவிக் தோற்ற இடத்தில் ஷிமானோ ஜெயித்தது. 2009-இல் வந்த டியூரா ஏஸ் 'டி ஐ 2' கியரில் டிரெய்லியருக்குள்ளேயே ஒரு மோட்டார் இருந்தது. அதாவது இப்போது பலமும் பேட்டரியிடமிருந்தே வந்தது. கம்பி நீள்வது என்ற பேச்சே இல்லை. பின் கியர் மாறும்போது முன் டிரெய்லியர் தானாகவே சற்று நகர்ந்து செயின் உரசாமல் பார்த்துக்கொள்ளும். அந்த ஆண்டு கலிபோர்னியா சுற்றுப் பந்தயத்திலேயே பெரிய அணிகள் அதைப் பயன்படுத்தின. 2011-இல் இத்தாலியின் காம்பன்யோலோ தன் 'இ பி எஸ்' கியரை அறிவித்தது. 2015-இல் அமெரிக்காவின் ஸ்ராம் 'ஈடாப்' என்று கம்பியில்லா கியரை அறிவித்தது. ஒவ்வொரு டிரெய்லியரின் முதுகிலும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு குட்டிப் பேட்டரி.

1992-இல் மோட்டாருக்குத் தயங்கியவர்கள் 2009-இல் துணிந்ததற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. லித்தியம் அயன் பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் அதை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு அடித்தளம் போட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சின்ன இடத்தில் நிறைய மின்சாரம். கைப்பேசி, மடிக்கணினி, சைக்கிள் கியர் என்று எல்லாமே இதன் பிள்ளைகள்தான்.

ஆனால் சின்ன இடத்தில் நிறைய சக்தியை அடைத்தால், அது தப்பி வெளியே வரும் வழியும் ஒன்று இருக்கும்.

வானத்தில் பற்றிய நெருப்பு

லித்தியம் பேட்டரி ஒன்று நசுங்கினாலோ, தயாரிப்பில் கோளாறு இருந்தாலோ, அதன் இரு முனைகளும் ஒரு சாவிக்கொத்தில் உரசினாலோ உள்ளே சூடு ஏறும். சூடு ஏறியதும் உள்ளே நடக்கும் வேதிவினை இன்னும் சூட்டைக் கிளப்பும். ஒரு கட்டத்துக்கு மேல் அதை நிறுத்த முடியாது. உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. ஒரு செல் வெடித்தால் அந்தச் சூட்டில் அடுத்த செல், அதிலிருந்து அடுத்தது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு யூ.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. போயிங் 747. சரக்கில் 81,000-க்கும் அதிகமான லித்தியம் பேட்டரிகள் இருந்தன. புறப்பட்டு சுமார் 20 நிமிடங்களில் தீ எச்சரிக்கை ஒலித்தது. விமானிகள் துபாய்க்கே திரும்பினார்கள். ஆனால் விமானி அறை முழுவதும் புகை. கண் முன்னால் இருக்கும் கருவிகளே தெரியவில்லை. ஓடுபாதையைப் பிடிக்க முடியாமல் விமானம் விழுந்து நொறுங்கியது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று தென்கொரியாவின் ஏசியானா சரக்கு விமானம் ஜேஜு தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. அதிலும் தீ, அதன் சரக்கிலும் லித்தியம் பேட்டரிகள். அதிலும் இரண்டு விமானிகள் உயிரிழந்தார்கள்.

விமான விதிகளைப் படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் எழும். ஆபத்தான பொருள் என்றால் பயணிகளை விட்டுத் தள்ளி, கீழே சரக்கு அறையில்தானே பூட்ட வேண்டும்? ஆனால் விதி தலைகீழாக இருக்கிறது. தனியாக எடுத்துச் செல்லும் உபரி பேட்டரியைச் சரக்கில் போடக்கூடாது, கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2008 ஜனவரி 1 முதலே இதை நடைமுறைப்படுத்தியது. சர்வதேச விதியும் இன்று இதுதான்.

காரணம் எளிமையானது. கீழே பற்றினால் பார்க்க ஆள் இல்லை. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஹாலான் என்ற தீயணைப்பு வாயு உண்டு. அது சுவாலையை அணைக்கும், ஆனால் பேட்டரிக்குள் ஏறும் சூட்டைக் குறைக்காது. சூட்டைக் குறைப்பது தண்ணீர். தண்ணீரை எடுத்து ஊற்ற ஒரு மனிதர் வேண்டும். 2017-இல் அமெரிக்க விமானத் துறை செய்து பார்த்த சோதனைகளில், பெட்டிக்குள் மடிக்கணினியோடு ஒரு ஸ்பிரே டப்பாவும் இருந்தால், ஹாலானையும் மீறித் தீ வெடிக்கக்கூடும் என்று தெரிந்தது.

சென்னை வந்த விமானம்

இந்த விதியின் அர்த்தம் தமிழ்நாட்டு வானத்திலேயே ஒரு முறை நிரூபணமானது. 2016 செப்டம்பர் 23. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த இண்டிகோ விமானம். தலைக்கு மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை வாசனை வருவதைப் பயணிகள் உணர்ந்து பணியாளர்களிடம் சொன்னார்கள். ஒரு பைக்குள் இருந்த சாம்சங் நோட் 2 கைப்பேசியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பணியாளர்கள் பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், தீயணைப்பானை அடித்தார்கள், பிறகு அந்தக் கைப்பேசியைக் கழிவறையில் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்குள் போட்டார்கள். விமானம் சென்னையில் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் காயமில்லை.

அதே கைப்பேசி கீழே சரக்கு அறையில் ஒரு பெட்டிக்குள் இருந்திருந்தால்? மூக்கும் இல்லை, கையும் இல்லை, தண்ணீரும் இல்லை. சென்னை விமானத்தைக் காப்பாற்றியது பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஒரு பயணியின் மூக்கு, ஒரு பணிப்பெண்ணின் நிதானம், ஒரு பாத்திரம் தண்ணீர்!

அதே 2016-இல் ஏப்ரல் 1 முதல், பயணிகள் விமானங்களில் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்கே சர்வதேச சிவில் விமான அமைப்பு தடை விதித்தது.

கைப்பையில் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்று 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவில் தெரிந்தது. கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேலே இருந்த பைப்பெட்டியில் தீ. விமானம் தரையில் நின்றதால் உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள். விமானத்தின் மேற்கூரை எரிந்து போனது. ஒரு பவர்பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினார்கள். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் பவர்பேங்கைத் தலைக்கு மேலே வைப்பதைத் தென்கொரியா தடை செய்தது. 'கையில்' என்றால் உண்மையிலேயே கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்று பொருள் வந்து விட்டது.

சைக்கிள்காரர் செய்ய வேண்டியது

இனி கணக்கைப் பார்க்கலாம். பேட்டரியின் அளவை விமானத்துறை வாட்-மணியில் அளக்கிறது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. ஷிமானோ கியரின் பேட்டரி 7.4 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் வெறும் 3.7 வாட்-மணி. ஸ்ராம் பேட்டரி அதைவிடச் சிறியது, சுமார் 2.2. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே பெரும்பாலும் 15 முதல் 20 வாட்-மணி இருக்கும். 100 வாட்-மணி வரை விமானத்தில் தாராளமாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். அதற்கு மேல் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மோட்டாரில் ஓடும் இ-பைக்கின் பேட்டரி பொதுவாக 400, 500 வாட்-மணி இருப்பதால் அது விமானம் ஏறவே முடியாது. கியர் பேட்டரிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆகவே அளவு பிரச்சினை அல்ல, இடம்தான் பிரச்சினை. இங்கே கியர்களின் சரித்திரம் மீண்டும் உள்ளே வருகிறது. 2009-இல் வந்த முதல் டி ஐ 2-வில் பேட்டரி சைக்கிள் கம்பியின் வெளியே தொங்கியது. கழற்றுவது சுலபம். பார்க்க அழகாக இல்லை என்று அடுத்த தலைமுறையில் அதை சீட் கம்பிக்குள் ஒளித்து விட்டார்கள். அழகு வந்தது, கழற்றும் வசதி போயிற்று. ஆனால் விதிப்படி சாதனத்துக்குள் பொருத்தியிருக்கும் பேட்டரி உபரி பேட்டரி ஆகாது. அதனால் சைக்கிளோடு சரக்கில் போகலாம். நிபந்தனை ஒன்று உண்டு. சாதனம் முழுக்க அணைந்திருக்க வேண்டும், தூங்கும் நிலையில் இருந்தால் போதாது. பெட்டிக்குள் கியர் பட்டன் ஏதாவது ஒன்றில் அழுந்திக்கொண்டே இருந்தால் மோட்டார் வேலை செய்யப் பார்க்கும், சார்ஜும் தீரும். பேட்டரிக்குப் போகும் மின்கம்பியைப் பிடுங்கி வைப்பதே நல்ல வழி.

ஸ்ராமில் இதற்கு நேர்மாறு. அதன் டிரெய்லியரில் அசைவை உணரும் கருவி இருக்கிறது. சைக்கிள் ஆடினால் ஓட்டப் போகிறார்கள் என்று நினைத்து விழித்துக்கொள்ளும். லாரியிலும் விமானத்திலும் ஆடிக்கொண்டே போனால் ஊர் போய்ச் சேருவதற்குள் சார்ஜ் போய் விடலாம். அதனால் பேட்டரியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய அந்த நிமிடமே அது 'உபரி பேட்டரி' ஆகி விடுகிறது. உலோக முனையை மூடி, கைப்பையில் வைக்க வேண்டும். சைக்கிள் பெட்டியின் ஓரத்தில் சொருகி விடக்கூடாது.

2008-இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் சுற்றுப்பயணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நல்ல கியரின் அருமை தெரியும். வெலோசியோ சண்டை போட்டது இப்படிப்பட்ட மலைகளுக்காகத்தான். தொலைவிலிருந்து சைக்கிளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருபவர்கள் எல்லோருக்கும் இந்தப் பேட்டரிக் கணக்கு பொருந்தும். பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் சைக்கிளோடு கோவைக்கோ சேலத்துக்கோ போய் விமானம் ஏறினாலும் இதே விதிதான்.

கியர் இல்லாத சைக்கிளுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை என்பது உண்மை. அதற்காக அதுதான் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. தெக்ராஞ்சும் அப்படித்தான் சொன்னார், 1937-இல் அவர் பந்தயமே அதைக் கைவிட்டது. ஒரு வசதி வரும்போது அதோடு ஒரு பொறுப்பும் வருகிறது. கம்பிக்குப் பொறுப்பு சைக்கிள் கடைக்காரரிடம் இருந்தது. பேட்டரிக்கான பொறுப்பு விமானத்தில் உடன் வரும் அத்தனை பேரின் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

விமான நிலையக் கவுண்டரில், "பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதா?" என்று கேட்டால் எரிச்சல் வருவது இயல்பு. 3.7 வாட்-மணிக்கு இவ்வளவு விசாரணையா என்றும் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பின்னால் துபாயிலும் ஜேஜு கடலிலும் இறந்த நான்கு விமானிகள் இருக்கிறார்கள். சென்னையில் பத்திரமாக இறங்கியவர்களும் இருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு, உபரி பேட்டரியைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போவதுதான் சரி.